தரைக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே

வீட்டில் இசை கேட்பதற்காக வைக்கப்படும் ஒலிபெருக்கி காற்றோடு மட்டும் தொடர்புடைய பொருள் அன்று. அது தரையின் மீதோ, மேசையின் மீதோ, டிவி ஸ்டாண்டின் மீதோ நிற்கிறது, அப்படி நிற்பதாலேயே தன் அதிர்வின் ஒரு பகுதியைத் தன்னைத் தாங்கும் பொருளுக்குக் கடத்துகிறது. கடத்தப்பட்ட அதிர்வு அந்தப் பொருளின் பரப்பிலிருந்து மீண்டும் ஒலியாகி அறைக்குள் வரும்போது, கேட்பவரின் காதை எட்டுவது ஒலிபெருக்கியின் இசையும் அதன் அடியில் உள்ள பலகையின் முனகலும் கலந்த ஒன்றாகிறது. இந்தக் கடத்தலைக் குறைப்பதற்காகவே ரப்பர் வில்லைகள், பாலியூரித்தேன் அரைக்கோளங்கள், சுருள்வில் தாங்கிகள் போன்றவை ‘ஐசோலேஷன் ஃபீட்’ என்ற பெயரில் ஆடியோ கடைகளில் விற்கப்படுகின்றன. இந்த அத்தியாயத்தில் அவை அதிர்வுத்தடுப்புக் கால்கள் எனக் குறிக்கப்படும். அவற்றின் விலை மிக எளியதிலிருந்து மிக உயர்ந்தது வரை விரிந்து கிடக்கிறது. அவற்றைப் பற்றிய புகழுரைகளும் அப்படியே. ஆயினும் எந்த வீட்டில் அவை பலன் தரும், எந்த வீட்டில் தராது என்பதைப் பள்ளி இயற்பியலின் எல்லைக்குள் அடங்கும் சில கணக்குகளைக் கொண்டே பெருமளவுக்குத் தீர்மானித்துவிடலாம்.

பெட்டியின் பின்னுதைப்பு

இன்று வீடுகளில் உள்ள ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவை, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் ஆகிய இருவரும் 1925-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் விவரித்த அமைப்பின் வழிவந்தவை. காந்தப்புலத்தில் நிறுத்தப்பட்ட கம்பிச்சுருள் ஒன்றின் வழியே மின்னோட்டம் பாயும்போது அந்தச் சுருள் முன்னும் பின்னும் தள்ளப்படுகிறது. சுருளோடு ஒட்டப்பட்ட கூம்பு அதே இயக்கத்தைக் காற்றுக்குக் கொடுக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, கூம்பை முன்னோக்கித் தள்ளும் விசைக்குச் சமமான விசை காந்தத்தையும் அது திருகப்பட்டிருக்கும் பெட்டியையும் பின்னோக்கித் தள்ளியாக வேண்டும். இதுவே பின்னுதைப்பு.

இதன் அளவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். தாழ்ந்த சுரங்களை எழுப்பும் வூஃபர் எனப்படும் கூம்பின் இயங்கும் பகுதி 20 கிராம் எடையும், முழுப் பெட்டி 10 கிலோ எடையும் கொண்டவை எனக் கொள்வோமானால், இரண்டுக்கும் இடையிலான விகிதம் 1-க்கு 500. நொடிக்கு 40 முறை அதிரும், அதாவது 40 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஆழ்ந்த சுரம் ஒன்றை எழுப்பும்போது கூம்பு நடுநிலையிலிருந்து 5 மி.மீ. வரை முன்னும் பின்னும் சென்று வருமானால், தடையின்றி நிற்கும் பெட்டி அதில் ஐந்நூறில் ஒரு பங்கான 10 மைக்ரோமீட்டர் தொலைவே எதிர்த்திசையில் நகரும். தலைமுடி ஒன்றின் தடிமனில் இது ஒரு சிறு பகுதி. ஆனால் இந்த நகர்வை உண்டாக்கும் விசை அத்தனை சிறியதன்று. கணக்கிட்டால் அது உச்சநிலையில் 6.3 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 640 கிராம் எடையைத் தாங்கத் தேவையான விசை, நொடிக்கு 40 முறை திசை மாறி மாறிப் பெட்டியின் மீது செயல்படுகிறது.

பெட்டியின் நகர்வால் ட்வீட்டர் எழுப்பும் உயர்ந்த சுரங்கள் மங்கலாகின்றன என்று விளம்பரங்களில் அடிக்கடி சொல்லப்படுவது உண்டு. 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் 11.4 செ.மீ.; அதோடு ஒப்பிடுகையில் 10 மைக்ரோமீட்டர் என்பது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நகரும் மூலத்திலிருந்து வரும் ஒலியின் அதிர்வெண் மாறித் தோன்றும் டாப்ளர் விளைவும் இந்த வேகத்தில் பத்து லட்சத்தில் ஏழு பங்கு அளவே நிகழ்கிறது. வூஃபர் கூம்பு தன் இயக்கத்தாலேயே உண்டாக்கும் டாப்ளர் விளைவு இதைப்போல் 500 மடங்கு பெரியது என்பதால், பெட்டியின் நேரடி நகர்வைக் காதால் கேட்கக்கூடிய குறையாகக் கருதுவதற்கு இடமில்லை. எனவே அதிர்வுத்தடுப்புக் கால்களின் பயனைத் தேட வேண்டிய இடம் பெட்டி அன்று. பெட்டியின் விசை போய்ச் சேரும் தளமே அந்த இடம்.

தளம் இரண்டாவது ஒலிபெருக்கியாகும் விதம்

பள்ளி ஆய்வகத்தில் உள்ள இசைக்கவையைத் தட்டிக் காற்றில் பிடித்தால் அதன் ஒலி மெல்லிதாகவே கேட்கும்; அதன் காம்பை மேசைப்பலகையில் ஊன்றினால் அறை முழுவதும் கேட்கும். ஊன்றியதால் இசைக்கவை வலுப்பெற்றுவிடவில்லை. மெல்லிய கவைகளால் தள்ள முடியாத அளவு காற்றை, அகன்ற பலகை மிகச்சிறு அதிர்விலேயே தள்ளிவிடுகிறது. ஒலிபெருக்கி நிற்கும் தளத்திலும் நிகழ்வது இதுவே: வூஃபரின் பரப்பு நூற்றுச் சொச்சம் சதுர செ.மீ. மட்டுமே இருக்க, தளத்தின் பரப்போ அதைப் பன்னூறு மடங்கு விஞ்சுவதால், கண்ணுக்குத் தெரியாத அதிர்வும் காதுக்குத் தெரியும் ஒலியாக மாற வாய்ப்பு உண்டாகிறது.

கூம்பு முன்பின்னாகத் தள்ளும்போது தளம் ஏன் மேல்கீழாக அதிர வேண்டும் என்ற கேள்வி இங்கே எழுகிறது. வூஃபர் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்திலும், பெட்டியின் முன் கால்களுக்கும் பின் கால்களுக்கும் இடையிலான தொலைவு 30 செ.மீ. ஆகவும் இருந்தால், மேலே செயல்படும் கிடைவிசை பெட்டியைக் கவிழ்க்க முயலும் திருப்புவிசையாகிறது. அதைத் தாங்கும் பொருட்டு முன் கால்களும் பின் கால்களும் மாறி மாறித் தரையை அழுத்துகின்றன. 60-ஐ 30-ஆல் வகுத்தால் கிடைக்கும் 2 என்ற மடங்கின்படி, 6.3 நியூட்டன் கிடைவிசை 12.6 நியூட்டன் செங்குத்து விசையாகப் பெருகித் தரையை எட்டுகிறது. பலகையோ தளமோ எளிதில் வளையும் திசையும் செங்குத்துத் திசையே.

இவ்விசைக்குத் தளம் எப்படிப் பதில் சொல்லும் என்பது அதன் எடையையும் விறைப்பையும் பொறுத்தது. ஒலிபெருக்கிகளை நிறுத்துவது குறித்த பழைய அறிவுரைகளில் பல, மரச்சட்டங்களின் மீது பலகை பாவிய பிரிட்டன், அமெரிக்க வீடுகளில் உருவானவை. 22 மி.மீ. தடிமனுள்ள பைன் மரப்பலகையின் எடை ஒரு சதுர மீட்டருக்கு 12 கிலோ அளவே இருக்கும். தமிழ்நாட்டு வீடுகளில் பொதுவாகக் காணப்படும் கான்கிரீட் தளம் 15 செ.மீ. தடிமன் உள்ளதாயின், அதன் எடை ஒரு சதுர மீட்டருக்கு 360 கிலோ. டைல்ஸ், சிமென்ட் கலவை ஆகியவற்றின் எடை அதற்கு மேல். முப்பது மடங்கு கனமான இத்தளத்தை அதே விசை அசைப்பது மிகக் கடினம் என்பதால், மரத்தளத்தில் தெளிவாகக் கேட்கும் முன்னேற்றம் கான்கிரீட் தளத்தில் கேட்காமல் போவதில் வியப்பில்லை.

ஆனால் அதே கான்கிரீட் வீட்டில், 18 மி.மீ. பிளைவுட்டால் செய்து உள்ளே வெற்றிடமும் முன்னே கண்ணாடிக் கதவும் வைத்த டிவி ஸ்டாண்டின் மேல் ஒலிபெருக்கி வைக்கப்பட்டிருக்குமானால், கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது. அந்த மேற்பலகை மெல்லியது, இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்டது, அடியில் பெட்டி போன்ற காற்றறை கொண்டது. மரத்தளத்தை விடவும் அது அதிர்வுக்கு இணக்கமானது. இசை ஒலிக்கும்போது அதன் நடுவில் விரல்நுனிகளை வைத்தால், சில குறிப்பிட்ட தாழ்ந்த சுரங்கள் வரும்போது மட்டும் பலகை துடிப்பதை உணர முடியும். அந்தச் சுரங்கள் பலகையின் இயல்பு அதிர்வெண்ணோடு, அதாவது தட்டிவிட்டால் அது தானாக அதிரும் அதிர்வெண்ணோடு, பொருந்துவதால் உண்டாகும் ஒத்ததிர்வு அது. இசையில் எல்லாத் தாழ்ந்த சுரங்களும் ஒரே சுரம்போல் குழைந்து ஒலிப்பதற்கு இத்தகைய ஒத்ததிர்வு ஒரு காரணம்.

கூர்முனை செய்யும் வேலை

தரையில் நிற்கும் உயரமான ஒலிபெருக்கிகள் பலவற்றோடு ‘ஸ்பைக்’ எனப்படும் எஃகுக் கூர்முனைகள் தரப்படுகின்றன. அவை அதிர்வைத் தரைக்கு ‘வடித்துவிடும்’ என்றும், ஒரு திசையில் மட்டும் அதிர்வை அனுமதிக்கும் என்றும் பரவலாக நம்பப்படுகிறது. இறுகத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பொருள்களுக்கு இடையே விசை இரு திசைகளிலும் கடக்கும் என்பதால், ஒருவழிப் பாதை என்ற எண்ணத்துக்கு இயற்பியலில் ஆதாரம் இல்லை. கூர்முனையின் உண்மையான பயன் வேறு: தடித்த கம்பளம் விரித்த தரையில் பெட்டியின் எடை முழுவதையும் ஓரிரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் குவிப்பதால், அது கம்பளத்தின் இழைகளை ஊடுருவி அடியில் உள்ள உறுதியான தளத்தில் ஊன்றி, பெட்டி தள்ளாடாமல் நிறுத்துகிறது. அதாவது கூர்முனை பெட்டியைத் தளத்தோடு பிணைக்கும் கருவி. அதிர்வுத்தடுப்புக் கால் இரண்டையும் பிரிக்கும் கருவி. தளம் கனமாகவும் உறுதியாகவும் இருக்குமிடத்தில் பிணைப்பால் தீங்கு இல்லை. தளம் தானே ஒலிக்கக்கூடியதாக இருக்குமிடத்தில் பிரிப்பதே வழி.

சுருள்வில்லின் கணக்கு

அதிர்விலிருந்து பிரித்து நிறுத்துவதன் அவசியம் வீட்டு ஆடியோவில் முதலில் உணரப்பட்டது இசைத்தட்டுக் கருவியில்தான். தட்டின் பள்ளத்தில் உள்ள நுண்ணிய நெளிவுகளைப் படிக்கும் ஊசிக்குத் தளத்தின் அதிர்வும் இசையாகவே தோன்றும். அது மீண்டும் பெருக்கப்பட்டு ஒலிபெருக்கி வழியே தளத்தை அதிரச் செய்து சுழற்சியாக வளர்வதும் உண்டு. அமெரிக்காவின் அக்கவுஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான எட்கர் வில்சர், 1961-இல் வெளிவந்த இசைத்தட்டுக் கருவியில், தட்டையும் ஊசிக்கரத்தையும் ஒரே சட்டத்தில் பொருத்தி, அச்சட்டத்தை மென்மையான மூன்று சுருள்வில்களில் நிறுத்தினார். இன்று ஒலிபெருக்கியின் அடியில் வைக்கப்படும் ஒவ்வொரு அதிர்வுத்தடுப்புக் காலும் அதே தத்துவத்தில் இயங்குகிறது.

ஒரு சுருள்வில்லின் மீது எடை வைக்கப்படும்போது, எடையும் வில்லின் விறைப்பும் சேர்ந்து அந்த அமைப்புக்கு ஓர் இயல்பு அதிர்வெண்ணைத் தீர்மானிக்கின்றன. அந்த அதிர்வெண்ணை அறிய நுட்பமான கருவி எதுவும் வேண்டியதில்லை. எடையை வைத்ததும் வில் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று அளந்து, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் போதும். 1 மி.மீ. அமுங்கினால் ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ், 4 மி.மீ. அமுங்கினால் 8 ஹெர்ட்ஸ், 10 மி.மீ. அமுங்கினால் 5 ஹெர்ட்ஸ் எனக் கிடைக்கும். இந்த ஒரு சூத்திரத்தை அறிந்தவர், எந்தக் காலையும் அதன் விளம்பரத்தைப் படிக்காமலேயே ஓரளவு எடைபோட முடியும்.

இயல்பு அதிர்வெண்ணை விட மிகத் தாழ்ந்த அதிர்வுகளை வில் தடுப்பதில்லை, அப்படியே கடத்துகிறது. இயல்பு அதிர்வெண்ணை நெருங்கும்போது கடத்துவதோடு நில்லாமல் பெருக்கவும் செய்கிறது. அதன் 1.41 மடங்கைத் தாண்டிய பின்பே தடுப்பு தொடங்குகிறது. அங்கிருந்து அதிர்வெண் உயர உயரத் தடுப்பும் விரைவாக வளர்கிறது. 12 கிலோ எடையுள்ள ஒலிபெருக்கியை நான்கு கால்களில் நிறுத்தி, ஒவ்வொரு காலும் 3 கிலோ சுமையில் ஏறத்தாழ 4 மி.மீ. அமுங்குமாறு தேர்ந்தால், இயல்பு அதிர்வெண் 8 ஹெர்ட்ஸ் ஆகும். அப்போது 40 ஹெர்ட்ஸ் அதிர்வில் நூற்றுக்கு 4 பங்கு விசையே தளத்தை அடையும். டெசிபல் கணக்கில் இது ஏறத்தாழ 28 டெசிபல் குறைவு. அதே பெட்டியின் அடியில், 0.25 மி.மீ. மட்டுமே அமுங்கும் விறைத்த ரப்பர் வில்லைகளை வைத்தாலோ இயல்பு அதிர்வெண் 31 ஹெர்ட்ஸைத் தாண்டிவிடும்; 40 ஹெர்ட்ஸ் அதிர்வு குறைவதற்குப் பதிலாக ஏறத்தாழ 1.6 மடங்காகத் தளத்தை எட்டும். 100 ஹெர்ட்ஸுக்கு மேல் நன்மை செய்யும் அதே வில்லை, ஆழ்ந்த சுரங்களில் தீமை செய்கிறது. கால் பொருத்திய பின் ஒலி கெட்டுவிட்டது என்று சிலரும், தெளிந்துவிட்டது என்று சிலரும் சொல்வதில் இருவருமே சரியாக இருக்க வாய்ப்புண்டு என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

இயல்பு அதிர்வெண்ணில் நிகழும் பெருக்கத்தை அடக்குவதற்குத் தணிப்பு வேண்டும். அதாவது அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றிச் செலவழிக்கும் தன்மை அந்தப் பொருளில் இருக்க வேண்டும். எஃகுச் சுருள்வில்லுக்கு இத்தன்மை மிகக் குறைவு என்பதால், ஒருமுறை தட்டிவிட்டால் பெட்டி வெகுநேரம் ஆடிக்கொண்டே இருக்கும். தணிப்பை மிகுதியாகச் சேர்த்தால் ஆட்டம் நிற்கும், ஆனால் உயர்ந்த அதிர்வெண்களில் தடுப்பும் ஓரளவு குறையும். நல்ல கால் என்பது இந்த இரண்டுக்கும் நடுவே அளவறிந்து நிற்பது.

பொருளும் பொருத்தமும்

சந்தையில் உள்ள கால்களைப் பொருளின் அடிப்படையில் மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை சாதாரண ரப்பர், நுரை ஆகியவை; இவை மலிவானவை, ஆனால் பல நேரங்களில் போதிய அளவு அமுங்காதவை அல்லது நாளடைவில் தட்டையாகிப் போகிறவை. இரண்டாவது வகை ‘சார்போதேன்’ போன்ற பாலியூரித்தேன் பொருள்கள். இவை வில்லின் மீள்தன்மையையும் பாகு போன்ற திரவத்தின் தணிப்பையும் ஒருங்கே கொண்டவை. மூன்றாவது வகை சுருள்வில் தாங்கிகள். மிகத் தாழ்ந்த இயல்பு அதிர்வெண்ணை அடைய இவையே எளிய வழி, ஆனால் தணிப்பைத் தனியே சேர்க்க வேண்டும். கனடாவின் ஐசோஅக்கவுஸ்டிக்ஸ் நிறுவனத்தின் ‘கையா’ வரிசைக் கால்களைப் போல, முன்பின் திசையில் ஒருவிதமாகவும் பக்கவாட்டில் வேறுவிதமாகவும் இயங்குமாறு வடிவமைக்கப்பட்டவையும் உண்டு. பின்னுதைப்பு முன்பின் திசையிலேயே நிகழ்வதால், அவற்றைச் சரியான திசை பார்த்துப் பொருத்தினால்தான் வடிவமைத்தவரின் நோக்கம் நிறைவேறும்.

எந்த வகையானாலும் சுமைக்கு ஏற்ற காலைத் தேர்வதே முதல் விதி. 10 கிலோ தாங்கும் காலின் மீது 3 கிலோ வைத்தால் அது அமுங்காது, ஆகவே கல்லைப் போலவே நடந்துகொள்ளும். 3 கிலோ தாங்கும் காலின் மீது 10 கிலோ வைத்தால் அது முழுவதும் நசுங்கி, மீண்டும் கல்லாகிவிடும். ஒலிபெருக்கியின் எடை எங்கும் சமமாகப் பரவியிருப்பதில்லை என்பதையும் கருத வேண்டும். கனமான காந்தங்கள் முன்பக்கத்திலேயே இருப்பதால் முன் கால்கள் அதிகம் அமுங்கி, பெட்டி முன்னோக்கிச் சாய்வது இயல்பு. எடை பார்க்கும் தராசின் மீது பெட்டியின் முன்பகுதியையும், அதே உயரமுள்ள கட்டையின் மீது பின்பகுதியையும் தாங்கவைத்து முன்பக்கச் சுமையை அளந்து, பின்னர் இடம் மாற்றிப் பின்பக்கச் சுமையையும் அளந்தால், முன்னால் எந்தக் கால், பின்னால் எந்தக் கால் என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும்.

ரப்பர் இனப் பொருள்களில் மற்றொரு நுட்பமும் உண்டு. அசையாத சுமைக்கு அவை காட்டும் விறைப்பை விட, விரைந்து அதிரும் விசைக்குக் காட்டும் விறைப்பு கூடுதலானது. அதிர்வின்போது விறைப்பு இரட்டிப்பானால் இயல்பு அதிர்வெண் 1.41 மடங்கு உயர்ந்துவிடும் என்பதால், அமுக்கத்தை அளந்து கணக்கிட்ட எண்ணை ரப்பருக்குக் குறைந்தபட்ச மதிப்பாகவே கொள்ள வேண்டும். மேலும், உயரமாகவும் ஒடுக்கமாகவும் உள்ள பெட்டியை மிக மென்மையான கால்களில் நிறுத்தினால் அது எளிதில் கவிழக்கூடும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் ஒலித்தெளிவைக் காட்டிலும் இது முதன்மையான கவலை.

பின்னுதைப்பை வெளியே தடுப்பதற்குப் பதிலாகப் பிறக்கும் இடத்திலேயே அழிக்கும் வழியும் உண்டு. ஒரே மாதிரியான இரண்டு வூஃபர்களை ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்குமாறு எதிரெதிர்ப் பக்கங்களில் பொருத்தி, இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளவும் உள்ளே வாங்கவும் செய்தால், அவற்றின் எதிர்விசைகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். பிரிட்டனின் கெஃப் நிறுவனம் 1984-இல் வெளியிட்ட 104/2 என்ற ஒலிபெருக்கியில் உள்ளே இருந்த இரண்டு வூஃபர்களின் காந்தங்கள் ஒரு தண்டால் இணைக்கப்பட்டிருந்தது இந்நோக்கத்தில்தான். மிகத் தாழ்ந்த சுரங்களுக்கென்றே உள்ள சப்வூஃபர்கள் பலவும் இன்று இம்முறையைப் பின்பற்றுகின்றன. அத்தகைய சப்வூஃபரின் அடியில் விலையுயர்ந்த கால்களை வைப்பவர், ஏறக்குறைய இல்லாத விசையைத் தடுப்பதற்காகச் செலவிடுகிறார்.

உயரம் செய்யும் மாற்றம்

கால்களை மாற்றும்போது அதிர்வோடு தொடர்பே இல்லாத ஒரு மாற்றமும் உடன் நிகழ்கிறது: பெட்டியின் உயரம் மாறுகிறது. ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி நேராகவும், தரையில் பட்டுத் தெறித்தும் காதை அடைகிறது. தெறித்து வரும் ஒலி கடக்கும் கூடுதல் தொலைவு அரை அலைநீளமாக அமையும் அதிர்வெண்ணில் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து ஒலியைக் குறைக்கின்றன. வூஃபர் 60 செ.மீ. உயரத்திலும், காது 1 மீட்டர் உயரத்திலும், இடையே 3 மீட்டர் தொலைவும் இருந்தால், இக்குறைவு 459 ஹெர்ட்ஸ் அளவில் நிகழும். 4 செ.மீ. உயரமுள்ள கால்களைப் பொருத்தியதும் அது 431 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். மனிதக் குரலின் நடுப்பகுதியில் நிகழும் இம்மாற்றம், கவனித்துக் கேட்பவரின் காதுக்குத் தட்டுப்படக்கூடியது. இதோடு பெட்டி சற்றே சாய்ந்தால் ட்வீட்டர் நோக்கும் திசையும் மாறும். ஆகவே காலின் அதிர்வுத்தடுப்பை மட்டும் சோதிக்க விரும்புபவர், பழைய நிலையிலும் அதே உயரமுள்ள மரக்கட்டைகளை வைத்து ஒப்பிட வேண்டும். இதைச் செய்யாத எந்த ஒப்பீடும் இரண்டு காரணங்களை ஒன்றாகக் குழப்பிவிடும்.

காதின் சான்றும் கருவியின் சான்றும்

கால்களை மாற்றுவதற்குச் சில நிமிடங்களாவது ஆகும்; ஒலியின் நுண்ணிய வேறுபாடுகளைக் காது நினைவில் வைத்திருப்பதோ சில நொடிகள்தான். அதற்கு மேல், கேட்பவர் தான் கேட்கப்போவது எதை என்று முன்பே அறிந்திருக்கிறார். ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் ஆகிய இருவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒலிபெருக்கிகளைக் கண்ணால் பார்த்துக் கேட்டபோதும் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோதும் கேட்பவர்கள் அளித்த மதிப்பெண்கள் தெளிவாக மாறுபட்டன. பார்த்துக் கேட்டவர்கள், ஒலிபெருக்கியின் இடமாற்றத்தால் உண்மையாகவே உண்டான ஒலி வேறுபாடுகளையும் சரியாகக் கவனிக்கவில்லை. முழு ஒலிபெருக்கிகளையே ஒப்பிடும்போது இந்நிலை என்றால், அவற்றின் கால்களை ஒப்பிடும்போது எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும்.

இதற்கான எளிய வழி அளவீடு. கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ‘ரூம் ஈக்யூ விஸார்ட்’ போன்ற மென்பொருளையும், அளவீட்டுக்கென உள்ள மைக் ஒன்றையும் கொண்டு, தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்த அதிர்வெண் வரை ஏறிச்செல்லும் ஒலியை இசைத்துப் பதிவு செய்யலாம். எதையும் தொடாமல் ஒரே அளவீட்டை இருமுறை எடுத்தால் இரண்டுக்கும் இடையே காணப்படும் சிறு வேறுபாடு அளவீட்டின் பிழை எல்லையைக் காட்டும்; கால்களை மாற்றிய பின் எடுத்த அளவீடு அந்த எல்லையைத் தாண்டினால் மட்டுமே மாற்றம் உண்மையானது. மைக்கைத் தாங்கும் ஸ்டாண்டு அதே தளத்தில் அதே இடத்தில் அசையாமல் இருக்க வேண்டும் என்பது இதில் தவறக்கூடாத நிபந்தனை. கைபேசியில் உள்ள முடுக்கமானியைத் தளத்தின் மீது வைத்து, கால் உள்ளபோதும் இல்லாதபோதும் தாழ்ந்த சுரங்களில் தளத்தின் அதிர்வைப் பதிவு செய்வது இதைவிட நேரடியான சான்று. ஆனால் தளத்தின் அதிர்வு குறைந்தது என்பது காதுக்கு வரும் ஒலி மாறியது என்பதற்குத் தானாகவே சான்றாகாது. அறையில் ஒலிபெருக்கியின் ஒலியை விடத் தளத்தின் ஒலி 40 டெசிபல் தாழ்ந்திருந்தால், அதை முழுவதும் நீக்கினாலும் காது பொதுவாக வேறுபாட்டை உணராது.

காதையே நம்ப விரும்புபவருக்கும் நேர்மையான வழி உண்டு. கேட்பவர் பார்க்க முடியாதவாறு வேறொருவர், நாணயம் சுண்டி வரும் முடிவுப்படி கால்களை மாற்றியோ மாற்றாமலோ வைக்க, கேட்பவர் ஒவ்வொரு முறையும் எது என்று சொல்ல வேண்டும். 16 முறைகளில் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொல்வது, வெறும் ஊகத்தால் நிகழ்வதற்கான வாய்ப்பு நூற்றில் நான்குக்கும் குறைவு. இத்தேர்வில் வென்ற முன்னேற்றத்தை யாரும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது.

பலன் தரும் இடங்கள்

மேற்கண்ட கணக்குகளைத் தொகுத்துப் பார்த்தால், அதிர்வுத்தடுப்புக் கால்கள் தெளிவாகப் பலன் தரும் சூழல்கள் சிலவே என்பதும், அவை பல வீடுகளில் காணப்படுபவை என்பதும் புலனாகும். உள்ளீடற்ற மேசை, டிவி ஸ்டாண்டு, புத்தக அலமாரி ஆகியவற்றின் மீது வைக்கப்பட்ட சிறிய ஒலிபெருக்கிகள் அவற்றுள் முதலிடம் பெறுபவை. இசைத்தட்டுக் கருவியும் ஒலிபெருக்கியும் ஒரே மரச்சாமானைப் பகிர்ந்துகொள்ளும் இடம் அடுத்தது. இங்கே கால்களின் பயன் மறுக்க முடியாதது. அடுக்குமாடிக் குடியிருப்பில் தரையில் நிற்கும் ஒற்றை வூஃபர் கொண்ட சப்வூஃபர் மூன்றாவது. தளத்தின் வழியே கீழ்வீட்டுக்குச் செல்லும் நேரடி அதிர்வை மென்மையான கால்கள் குறைக்கும், எனினும் காற்றின் வழியே தளத்தை அதிரச் செய்யும் ஒலியை அவை குறைக்காது என்பதால், இரவில் ஒலியளவைக் குறைக்கும் கடமையிலிருந்து அவை யாரையும் விடுவிப்பதில்லை.

கால்களால் தீர்க்க முடியாதவற்றையும் அதே தெளிவோடு சொல்லியாக வேண்டும். பெட்டியின் பக்கப்பலகைகளே அதிர்ந்து எழுப்பும் ஒலி பெட்டியின் வடிவமைப்பைச் சார்ந்தது, பி.பி.சி.யின் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஹார்வுட், மேத்யூஸ் ஆகியோர் 1977-இல் அளித்த அறிக்கை, பலகையின் தடிமனையும் அதன் உட்புறத்தில் ஒட்டப்படும் தணிப்புப் பொருளையும் ஆராய்ந்தது இதற்காகத்தான். ஷோகேஸ் கண்ணாடியும் ஜன்னல் கதவும் இசையோடு சேர்ந்து கிலுகிலுப்பது பெரும்பாலும் காற்றின் வழியே வரும் ஒலியால். அங்கே வேண்டியது ஒரு துண்டு ஃபெல்ட் அல்லது முறுக்கப்பட்ட திருகு. எல்லாவற்றையும் விடப் பெரிய விளைவு அறையினுடையது: 4.3 மீட்டர் நீளமுள்ள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 40 ஹெர்ட்ஸ் ஒலி நிலையலையாக எழுந்து, அறையின் ஓரிடத்தில் 10 டெசிபலுக்கும் மேல் பெருகியும் வேறோரிடத்தில் அதே அளவு குன்றியும் கேட்கும். ஒலிபெருக்கியையோ நாற்காலியையோ அரை மீட்டர் நகர்த்துவது, உறுதியான தளத்தில் எந்தக் காலும் தர முடியாத மாற்றத்தைச் செலவின்றித் தரும்.

ஆகவே வரிசை இதுவாக அமைவது முறை: முதலில் ஒலிபெருக்கி இருக்கும் இடமும் கேட்பவர் அமரும் இடமும் சீராக்கப்பட வேண்டும், அடுத்து, இசை ஒலிக்கும்போது தளத்தைக் கையால் தொட்டு, அது உண்மையிலேயே அதிர்கிறதா என்று பார்க்க வேண்டும், அதிர்ந்தால் பெட்டியின் எடையை அளந்து, மூன்று நான்கு மில்லிமீட்டராவது அமுங்கக்கூடிய, கவிழ்க்காத கால்களைத் தேர்ந்து பொருத்த வேண்டும், இறுதியில் உயரத்தைச் சமன்செய்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த வரிசையைப் பின்பற்றுபவருக்குச் சில சதுர அங்குலப் பாலியூரித்தேனே போதுமானதாக அமையலாம், கனத்த கான்கிரீட் தளம் உள்ளவருக்கு எதுவுமே தேவைப்படாமலும் போகலாம். எடை, அமுக்கம், தளத்தின் இயல்பு ஆகிய மூன்றையும் அறிந்தவர் விலைப்பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. நல்ல ஒலியின் மீது கொண்ட ஆசையைத் தெளிந்த அறிவோடு இணைத்து, தன் வீட்டுக்கு எது தேவையோ அதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.